நானூறு லூர்துகள்

அருளப்பன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிக்கும்வரை வாசலில் நின்று பனியைப் பார்த்தான். கட்டஞ்சாயா குடித்தான். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அட்டை ஏறாமலிருக்கக் காலுறையின் மேல் மூக்குப்பொடி தடவினான். எட்டே காலுக்கு வீட்டைப் பூட்டினான். எட்டரைக்கு மருத்துவ நிலையத்தைத் திறந்தான். பெருக்கினான். எட்டு ஐம்பதுக்கு, மருந்துக் கம்பெனி கொடுத்த தொடுதிரை டேப்பை எடுத்து மேசையில் நிறுத்தி, இறந்துபோன தன் மனைவியிடம் அந்த வாரத்துக்கான பதினொரு கேள்விகளைக் கேட்டான்.

புதன்கிழமைகளில் அதுதான் அவனுடைய முதல் வேலை.

“வணக்கம், லூர்துமேரி. கை விரல் மரத்துப்போகுதா? சைபர்லேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

“சைபருங்க.”

குரல் அவளுடையதுதான். கடைசியில் வரும் அந்த ‘ங்க’வை லேசாக இழுப்பதுகூட அப்படியே இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு திரையில் ஒரு வரி வரும்: ‘அவர் இப்படித்தான் சொல்லியிருப்பாரா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். லூர்து போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் அவன் ‘இல்லை’யைத் தொட்டதே கிடையாது. அவள் இப்படித்தான் சொல்லியிருப்பாள். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

பதினொன்றும் முடிந்தது. நன்றி என்றது குரல். டேப்பைக் கவிழ்த்து வைத்தான்.

பத்து மணிக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். சோலைமட்டம் எஸ்டேட்டில் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவள். லைன் வீட்டில் அவன் கதவிலிருந்து நாலாவது கதவு. அவளுக்கும் லூர்துவுக்கு வந்த அதே கர்ப்பப்பைவாய்ப் புற்று. ஏழு மாதமாக அதே மாத்திரையைச் சாப்பிடுகிறாள்.

“என்ன தம்பி, பொண்டாட்டிகிட்ட பேசி முடிச்சாச்சா?”

“ஆச்சுக்கா.”

“டப்பா லூர்து எப்படி இருக்கா?”

“நல்லாருக்காளாம்.”

“அவளுக்கென்ன? கொழுந்தும் எடுக்க வேணாம், கொழம்பும் வைக்க வேணாம்.”

டேப்பில் பேசும் லூர்துவுக்குக் கம்பெனி வைத்த பெயர் நிகர். மலையில் டப்பா. யாரும் அதை அவன் காதுபடப் பேசக் கூசியதில்லை. அவனுக்கும் அதுவே வசதியாக இருந்தது. கூசினால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்து டேப்பைப் பார்த்தாள். “எனக்கு ஒன்னுதான் வெளங்கல. செத்தவ எப்படிடா மாத்திரை திங்கிறா?”

“திங்கலக்கா. அவ அறுபத்திரண்டு வாரம் மருந்துச் சோதனைக்கு விடாம வந்தால்ல? ரத்தம், எடை, ஸ்கேன், அவ சொன்ன பதிலு எல்லாம் கம்பெனிகிட்ட இருக்கு. அத வச்சு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உடம்பு செஞ்சிருக்காங்க. அந்த உடம்புக்கு இந்த மருந்தக் குடுத்தா என்ன ஆகும்னு அது சொல்லிரும்.”

“ஒருத்திய வச்சு எல்லாருக்கும் சொல்லிருமா?”

“ஒருத்திய நானூறு ஆக்கிருக்காங்க. அம்பது வயசு லூர்து, எழுபது வயசு லூர்து, சக்கரை இருக்கற லூர்து, எடை கொறஞ்ச லூர்து.”

“ஒருத்தியவே உன்னால சமாளிக்க முடியாது.”

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

“அத்தன பேரு எதுக்கு?”

“சட்டம்க்கா. எந்த சனத்துக்கு மருந்து குடுக்கறாங்களோ அந்த சனத்துலயும் சோதிச்சுப் பாத்திருக்கணும். டவுன்ல இருக்கறவங்களா புடிச்சு சோதிச்சிட்டு எல்லாருக்கும் விக்கக் கூடாது. தோட்டத்துலேருந்து ஆளு வேணும்னு ஒம்பது வருஷமாக் கேட்டாங்க. யாரும் போகல.”

“எப்படிப் போறது? நாப்பது வளைவு. கோயமுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துருது. நீ கூப்பிட்டேன்னு பதினோரு பேரு போனாங்க. மூணாம் மாசத்துல பத்துப் பேரு நின்னுட்டாங்க.” மோவாயால் டேப்பைக் காட்டினாள். “லூர்துதான் போய்ட்டே இருந்தா.”

அதனால்தான் நானூறும் லூர்துவாக இருந்தன. மற்ற பத்துப் பேரிடமிருந்தும் ஒரு உடம்பு செய்யும் அளவுக்குத் தகவல் தேறவில்லை.

டேப்பில் தங்கபுஷ்பத்தின் படிவத்தைத் திறந்தான். அவள் முதுகை நிமிர்த்திக் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கை விரல் மரத்துப்போகுதா?”

“சைபர்.”

“கால்?”

“சைபர். எல்லாத்துக்கும் சைபர் போட்டுக்க. பஸ்ஸு வந்துரும்.”

போட்டுக்கொண்டான். படிவத்தை மூடி, டேப்பைப் பையில் வைத்து, அவளோடு கிளம்பினான். நிலையத்துக்கு வருகிற யாரையும் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விடுவது வழக்கம். சரிவில் காட்டுமாடு நிற்கும். ஒற்றை ஆளைக் கண்டால் அதற்கு ஆகாது.

கேட்டைத் தாண்டிப் பத்தடி நடந்ததும் தங்கபுஷ்பத்தின் குரல் மாறியது.

“தம்பி, கைய எங்க வச்சேன்னே தெரியமாட்டேங்குது.”

வலது கையை முந்தானையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு தீக்காயம். நான்கு நாள் பழசு. விளிம்பில் நீர் கோத்திருந்தது.

“தோசைக்கல்லு. ஏதோ கருகற வாசன வந்துச்சு. தோசைதான்னு பாத்தா, தோசையே ஊத்தல. நான்தான்.”

அவன் நின்றான். அவள் நிற்கவில்லை.

“கொழுந்து கிள்ளுனா எல கைல இருக்கா செடில இருக்கான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். சூப்பர்வைசரு கண்டுபிடிச்சிட்டான். களை வெட்டப் போகச் சொல்லிட்டான். இன்னும் ரெண்டு மாசத்துல அதுக்கும் ஆக மாட்டேன்.”

“உள்ள ஏங்க்கா சொல்லல?”

கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரியும். அந்த மலையில் பிறந்த யாருக்கும் தெரியும்.

காலை ஏழு மணிக்குப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் போடுவான். காய்ச்சல் என்றோ இடுப்பு வலி என்றோ சொன்னவளுக்குப் பேர் விழாது. வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால் பேர் விழும்வரை எந்தப் பெண்ணுக்கும் உடம்பில் ஒன்றும் இருக்காது. பேர் விழுந்து, கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியதும் எல்லாம் வரும். இடுப்பு, உதிரப்போக்கு, புருஷன் அடித்தது, மூத்தவள் ஓடிப்போனது. நாலு தலைமுறையாக இதுதான் நடக்கிறது. மருத்துவ நிலையத்திலும் ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு ஆள். அவன் கையில் பேர் எழுதுகிற ஒரு சாமான். அதுவும் பெரட்டுக்களம்தான். உண்மை கேட்டுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற இருநூறு அடிப் பாதையில்தான் பேசப்பட்டது.

ரத்தம் கொடுக்கக் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நடக்கும்போது லூர்துவும் அங்கேதான் பேசினாள். அறுபத்திரண்டு புதன்கிழமைகள்.

“ரெண்டு கையையும் யாரோ கழட்டி வச்ச மாதிரி இருக்குங்க” என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், “கழுத்துல தாலிய தடவிப் பாத்தேன். கைக்கு ஒன்னும் தட்டல. தொலஞ்சிருச்சுன்னு அழுதுட்டு கண்ணாடில பாத்தா, தொங்குது. ஒங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் விடுதல கெடையாது” என்று சிரித்தாள். 

அவன் பொள்ளாச்சியில் புள்ளியியல் படித்தவன். தகவல் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் படிவம் அதற்குள் மூடப்பட்டிருக்கும். அது மட்டுமில்லை. ஏழுக்கு மேல் எண் விழுந்தால் அந்த ஆளைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள்; மருந்து நின்றுவிடும். அவள் சைபர் என்றாள். அவன் சைபர் என்று எழுதினான். அவள் பிழைப்பதற்காக அவள் பொய் சொன்னாள். அவனும் அதற்காகத்தான்.

அவள் பிழைக்கவில்லை. பொய் பிழைத்துக்கொண்டது.

பேருந்து வந்தது. தங்கபுஷ்பம் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். பிடித்துவிட்டோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டு ஏறினாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து நிரஞ்சனா வந்தாள். சென்னைக்காரி. நாற்பது வயது இருக்கும். அவளுக்கு இந்த மலை புதிதில்லை; ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு லைனாக ஏறி இறங்கி, கதவைத் தட்டி, ஆள் கேட்டவள். யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னதில்லை. வருகிறோம் என்றார்கள். வரவில்லை. நிகர் என்ற யோசனையே அதற்குப் பிறகு அவளுக்கு வந்ததுதான்.

“இது கடைசி கையெழுத்து, அருளப்பன்” என்றாள். “இவ்வளவு நாள் தற்காலிக அனுமதி. நீங்க கணவரா கையெழுத்துப் போட்டுட்டா நிரந்தரமாயிடும். இந்த மலை மட்டும் இல்ல. எல்லாத் தோட்டத்துக்கும்.”

அவன் அறிக்கையைப் படித்தான். நகரத்தில் மூன்றில் ஒரு பெண்ணுக்குக் கை மரத்துப்போயிருந்தது. அவர்களுக்கு மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதியிலும் மருந்து வேலை செய்தது. மலையில் நானூறு பேருக்கும் சைபர். ஆகவே குறைக்கத் தேவையில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘மலைத்தோட்டப் பெண்களின் நரம்புகள் இயல்பிலேயே உறுதி மிக்கவை எனத் தெரிகிறது.’

இரண்டு தடவை படித்தான்.

“மேடம், தோட்டத்துக்காரங்களுக்குப் பாதி மாத்திரை கெடையவே கெடையாதா?”

“தேவைப்படலையே. தரவு அப்படித்தான் சொல்லுது.”

“தங்கபுஷ்பம்னு ஒருத்தங்க கை வெந்திருக்கு. அவங்களுக்குத் தெரியவே இல்ல.”

நிரஞ்சனா தன் திரையைத் தள்ளிப் பார்த்தாள். “தங்கபுஷ்பம். ஏழு மாசம். கை சைபர், கால் சைபர். நீங்கதான் பதிவு பண்ணியிருக்கீங்க. முந்தாநாள்.”

“ஆமா.”

“அப்ப?”

அவன் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். “பஸ் ஸ்டாப்வரைக்கும் வாங்க.”

“எதுக்கு?”

“லூர்து அங்கதான் பேசுவா.”

நிரஞ்சனா அவன் முகத்தைப் பார்த்தாள். மனைவியை இழந்தவர்கள் சில சமயம் இப்படி ஆவதுண்டு என்று நினைத்திருப்பாள். ஆனாலும் எழுந்து வந்தாள். அவள் போட்டிருந்தது நகரத்துச் செருப்பு. பாசி பிடித்த பாதையில் ஒவ்வொரு அடியாக வைத்தாள்.

கேட்டைத் தாண்டிப் பத்தடி போனதும் அவன் டேப்பை முகத்துக்கு நேராகப் பிடித்தான். “லூர்து, ஃபாரம் மூடியாச்சு. இப்ப சொல்லு. கை எப்படி இருக்கு?”

“நல்லாருக்குங்க. சைபருங்க.”

“யாரும் எழுதல. நாம நடந்துட்டிருக்கோம். பஸ்ஸுக்கு.”

“சைபருங்க.”

“காட்டுமாடு நின்ன எடத்துக்கு வந்துட்டோம். ஒன் கை எப்படி இருக்கு?”

“எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டேங்க. நன்றி.”

திரையில் அந்த வரி வந்தது: ‘அவர் இப்படித்தான் சொல்லியிருப்பாரா?’

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் ‘இல்லை’யைத் தொட்டான்.

“இது என் பொண்டாட்டி இல்ல மேடம். இது பெரட்டுல நின்னு பேர் விழறதுக்குக் காத்துட்டு இருக்கறவ. அறுபத்திரண்டு வாரமும் நான் அவளத்தான் எழுதிக் குடுத்தேன். அவ இந்தப் பாதைல சொன்னத எழுதல. எழுதிருந்தா ஏழுக்கு மேல போயிருக்கும். நீக்கிருப்பீங்க.”

நிரஞ்சனா குனிந்து கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிய்க்கப் பார்த்தாள். அது ரப்பர் போல நீண்டது. அவன் சட்டைப்பையிலிருந்து மூக்குப்பொடியை எடுத்துக் கொடுத்தான்.

“இத என்கிட்ட ஏன் சொன்னீங்க?” என்றாள் கடைசியில். “சொல்லாம கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம். இப்ப நான் எழுதணும். ஒன்னு ரெண்டு சைபர் இல்ல. அத்தனையும் பொய்யின்னு ஆயிடும். நானூறும் போயிடும்.”

“போகட்டும்.”

“உங்க வேலை போகும். கேஸ் போடுவாங்க.”

“போடட்டும்.”

“மருந்தும் போகும், அருளப்பன்.” இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “தற்காலிக அனுமதி இந்த நிகரை நம்பிக் குடுத்தது. நிகர் இல்லைன்னா அறுபது நாள்தான். அதுக்குள்ள மருந்து சாப்பிடறவங்களும் ஒப்பிட்டுப் பாக்க மத்தவங்களுமா, உயிரோட இருக்கற இருபத்துநாலு பேர் சோதனைல சேரணும். இல்லன்னா தங்கபுஷ்பத்துக்குப் பாதி மாத்திரையும் இல்ல, முழு மாத்திரையும் இல்ல. கை போறது பரவால்லன்னு நான் சொல்லல. ஆனா கை இல்லாம இருக்கலாம். உயிர் இல்லாம?”

“கை இல்லாம கொழுந்து எடுக்க முடியாது. கொழுந்து எடுக்கலன்னா லைன் வீட்டக் காலி பண்ணணும். உங்களுக்கு அது ரெண்டு விஷயம். இங்க ஒன்னுதான்.”

“சரி. இருபத்துநாலு பேருக்கு எங்க போவீங்க? ஒன்பது வருஷம் கேட்டோம். நானே இந்தப் படியெல்லாம் ஏறிக் கேட்டேன். நீங்க யாரும் வரல.”

“நீங்க மேசை போட்டுக் கேட்டீங்க.”

“மேசை இல்லாம எப்படிக் கேக்கறது?”

“நடந்துட்டே கேளுங்க. எங்காளு ஒருத்திய விட்டுக் கேளுங்க. எழுதறத அப்புறம் எழுதுங்க. ஏழு சொன்னா வெளிய தள்ளாம மாத்திரையக் கொறைங்க. டவுன்ல அப்படித்தான செஞ்சீங்க? ரத்தம் எடுக்கறதுக்கு மலைக்கு நீங்க வாங்க. அத்தனை பேரு எறங்கி வர வேணாம், நீங்க நாலு பேரு ஏறி வாங்க.”

“விதிமுறைய மாத்தணும்ங்கறீங்க.”

“நானூறு பொம்பளைங்கள ஒன்னுமில்லாம உண்டாக்குனீங்களே மேடம். ஒரு விதிய மாத்த முடியாதா?”

நிரஞ்சனா மூக்குப்பொடியைத் திருப்பிக் கொடுத்தாள். நிலையத்துக்குத் திரும்பியதும் அவன் டேப்பில் ‘சாட்சியின் கூற்று’ என்ற பக்கத்தைத் திறந்தான். அதை யாரும் இதுவரை நிரப்பியதில்லை. தன் பெயர், படிப்பு, வேலை எழுதினான். அறுபத்திரண்டு வாரமும் தவறான எண் என்று தெரிந்தே பதிந்தேன் என்று எழுதினான். நிரஞ்சனா பக்கத்தில் நின்று படித்தாள். அனுப்புகிற கட்டத்தை அவன் தொடும்வரை தடுக்கவில்லை.

அந்தக் கூற்றிலும் அவன் எல்லாவற்றையும் எழுதவில்லை. அறுபத்திரண்டு வாரம் என்று எழுதினான். அறுபத்துமூன்றாவது ஒரு புதன்கிழமை இருந்தது.

சனிக்கிழமை நிகர் நிறுத்தி வைக்கப்பட்டது. திங்கட்கிழமை அவன் வேலையும். அதே வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒட்டியிருந்த தபால்தலையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். ஒன்பதாவது நாள் நிரஞ்சனா போன் செய்தாள். ரொம்பக் களைத்த குரல்.

“நடந்துட்டே கேக்கலாம். எழுதறது பின்னால. ரத்தம் எடுக்க வண்டி மேல வரும். ஏழு சொன்னா பாதி மாத்திரை. எல்லாத்துக்கும் ஒத்துக்க வச்சிருக்கேன். என்னையும் விசாரிக்கறாங்க, அது தனி.”

“நன்றி மேடம்.”

“எனக்கு இருபத்துநாலு பேர் வேணும். வர்றோம்னு சொல்றவங்க இல்ல. வர்றவங்க.”

மறுநாள் ஏழு மணிக்கு அவன் பெரட்டுக்களத்துக்குப் போனான். கம்பெனி அடையாள அட்டை இல்லை. டேப் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையில் நின்றார்கள். பனியில் முகங்கள் பாதிதான் தெரிந்தன. சூப்பர்வைசர் கையில் பேரேட்டோடு நின்றான்.

“என்னப்பா, ஆள் புடிக்க வந்தியா?” என்றான். “ரெண்டு நிமிஷம். பேர் போடணும்.”

அருளப்பனுக்கு மேடைப்பேச்சு வராது. மருந்து நிற்கப்போவதைச் சொன்னான். ஏன் நிற்கிறது என்று சொன்னான். லூர்து சொன்ன சைபர், அவன் எழுதிய சைபர், அதிலிருந்து முளைத்த நானூறு பேர். ஐம்பது நாள். இருபத்துநாலு பேர்.

வரிசையில் ஒருத்தி கேட்டாள்: “நம்ம நரம்பு கம்பின்னு எழுதிட்டாங்களாமே?”

“ஆமாக்கா.”

“கம்பின்னா கரண்டு பாயுமே. எம் புருஷன் தொடட்டும், பாக்கறேன்.”

வரிசை சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் தலைகள் குனிந்தன. அதை அவன் அறிவான். இனி எல்லோரும் வருகிறோம் என்பார்கள். பிறகு வரமாட்டார்கள்.

“முடிஞ்சுதா?” சூப்பர்வைசர் பேரேட்டைப் பிரித்தான். “தங்கபுஷ்பம்.”

அவள் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்து வலது கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“என் கை மரத்துப்போச்சு. இதப் பாரு. வெந்ததுகூடத் தெரியல. கேன்சருக்கு மருந்து திங்கிறேன். இப்ப பேரப் போடு.”

சூப்பர்வைசர் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். முப்பது வருஷத்தில் அவனோ அவனுக்கு முந்தினவனோ பேர் விழும் முன்னால் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

“ஏக்கா, காலைலயே…”

“போடுறியா, இல்லியா?”

பின்னாலிருந்து பூவாத்தாள் சொன்னாள்: “எனக்கு மூணு மாசமா உதிரம் நிக்கல. எனக்கும் போடு.”

“எனக்கு இடுப்புல கட்டி இருக்கு.”

“நான் ராத்திரி முழுக்க வாந்தி.”

“எல்லாத்தையும் திருப்பி அனுப்பு தம்பி. கொழுந்த நீயும் மேனேஜரும் எடுங்க.”

சூப்பர்வைசர் வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தான். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினான். தங்கபுஷ்பம். பூவாத்தாள். ஒவ்வொன்றாக.

தங்கபுஷ்பம் திரும்பினாள். “சோதனைக்கு யாரு வர்றீங்க? வர்றவ மட்டும் கையத் தூக்கு. அப்புறம் வராம இருந்தா நான் வீட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போவேன்.”

கைகள் எழுந்தன. அருளப்பன் எண்ணினான். இருபத்தாறு. இன்னொரு தடவை எண்ணினான். இருபத்தாறுதான்.

“பொறு” என்றாள் தங்கபுஷ்பம். அவள் கையும் மேலேதான் இருந்தது. “நாங்க சொல்லிட்டம். இப்ப நீ சொல்லு. லூர்து போன அன்னிக்கு நீதான் பக்கத்துல இருந்த. தூக்கத்துல போனான்னு எங்ககிட்ட சொன்ன. உள்ள ஒரு பேச்சு, பாதைல ஒரு பேச்சுன்னு இருந்த சனம் நாங்க. நீயும் அப்படித்தான. தூக்கத்துலதான் போனாளா?”

இருபத்தாறு கைகள். ஆமாம் என்று சொன்னால் இருபத்தாறாகவே இருக்கும். உண்மையைச் சொன்னால் எத்தனை இறங்கும் என்று அவனுக்குத் தெரியாது. அப்படிக் கணக்குப் பார்த்துப் பொய் எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

“இல்ல” என்றான்.

சூப்பர்வைசர் எழுதுவதை நிறுத்தினான்.

“அன்னிக்கும் புதன்கிழமை. ஆஸ்பத்திரி வார்டு. பழக்கத்துல டேப்பத் தொறந்தேன். கை விரல் மரத்துப்போகுதான்னு மொத கேள்வியக் கேட்டேன். ஃபாரம் தொறந்துதான் இருந்துச்சு, அவளுக்கு அது தெரியும். என்னப் பாக்கல. டேப்பத்தான் பாத்தா. பதில் சொன்னா. நான் எழுதல. பதில் இல்லைன்னு போட்டு மூடிட்டேன். எழுதிருந்தா அன்னிக்கே நீக்கிருவாங்கன்னு. சாகப்போறவள எதுலேருந்து நீக்குவாங்கன்னு அப்பத் தோணல. அதுக்கப்புறம் அவ எதுவும் பேசல. நாலு மணிக்கு…”

கைகளை அவன் எண்ணவில்லை.

“என்ன சொன்னா?” என்றாள் தங்கபுஷ்பம்.

வார்டில், படிவம் திறந்திருக்கும்போதே, லூர்துமேரி சொன்னதை அவன் பேரேட்டுக்கு முன்னால் நின்று அப்படியே சொன்னான்:

“பத்து. பத்துன்னே எழுதுங்க.”